ஐந்து கிலோ நாய்க்குப் பச்சை இறைச்சி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

எங்கள் வீட்டுப் பஞ்சு இந்திய ஸ்பிட்ஸ் வகை. தெருவில் எல்லாருக்கும் அவள் பொமரேனியன்தான். வயது ஆறு, எடை ஐந்து கிலோ. இரண்டு ஆண்டுகளாக அவளுடைய சாப்பாடு பெரும்பாலும் பச்சை இறைச்சி. இதைக் கேள்விப்பட்டு, நாய் வளர்க்கும் அக்கம்பக்கத்தார் வந்து கேட்பார்கள்: "கறிக்கடையில் மிச்சம்மீதி வாங்கிப் போட்டால் போதுமா?" போதாது. அப்படிப் போட்டு நாயைப் படுக்க வைத்துவிட்டு, பிறகு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சிறிய நாயின் தட்டில் பிழைக்கு இடம் மிகக் குறைவு. முப்பது கிலோ லாப்ரடாருக்கு ஈரல் இருபது கிராம் கூடிப்போனால் தெரியக்கூடத் தெரியாது. பஞ்சுவுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஈரலே பத்து கிராம்தான். கை தவறி இருபது கிராம் கூடினால் மூன்று மடங்கு ஆகிவிடும். ஆகவே இறைச்சி வாங்குவதற்கு முன்னால், கிராம் காட்டும் சமையலறைத் தராசு ஒன்று வாங்குங்கள். கண் அளவு, கை அளவு எதுவும் இதில் செல்லாது.

தொடங்கலாமா, வேண்டாமா

பச்சை இறைச்சியைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் ஓநாயைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். நாய் ஓநாயின் வழிவந்தது, சோறு அதற்கு ஆகவே ஆகாது என்பார்கள். 2013இல் ‘நேச்சர்’ இதழில் ஸ்வீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு இந்த வாதம் நிற்காது. மாவுச்சத்தைச் செரிக்க உதவும் அமைலேஸ் நொதிக்கான மரபணுவின் பிரதிகள் ஓநாயிடம் இரண்டு இருக்கின்றன. நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருக்கின்றன. மனிதனோடு சேர்ந்து வாழ்ந்து, அவன் சோற்றைத் தின்று நாய் மாறிவிட்டது. நம் பாட்டிமார் பழைய சோற்றில் கருவாட்டுத் தலையைப் பிசைந்து வைத்தார்கள் என்றால், நாய்க்கு அது செரித்தது.

அப்படியென்றால் நான் ஏன் கொடுக்கிறேன்? பஞ்சு உலர் உணவைத் தொடுவதையே நிறுத்திவிட்டாள். கிண்ணத்தில் போட்டால் மோந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாள். வேகவைத்த கறியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இங்கே வந்து சேர்ந்தோம். இப்போது கிண்ணத்தைக் கழுவும் சத்தம் கேட்டாலே ஓடி வருகிறாள். மலம் அளவில் குறைந்துவிட்டது, நாற்றமும் குறைந்துவிட்டது. நான் கண்ட பலன் இவ்வளவுதான். நோய் தீரும், ஆயுள் கூடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எதிர்த்தரப்பையும் கேட்க வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012 முதல் பச்சை இறைச்சி கொடுக்க வேண்டாம் என்றே அறிவுறுத்துகிறது. காரணம் கிருமி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010க்கும் 2012க்கும் இடையில், கடையில் விற்ற பச்சை நாய், பூனை உணவு மாதிரிகள் 196ஐச் சோதித்தது. அவற்றில் 15இல் சால்மொனெல்லாவும் 32இல் லிஸ்டீரியாவும் இருந்தன. நாய்க்கு ஒன்றும் ஆகாமலே போகலாம். ஆனால் அதன் மலத்திலும் எச்சிலிலும் அந்தக் கிருமி வெளியே வந்துகொண்டிருக்கும். அது உங்கள் குழந்தையின் முகத்தை நக்கும்.

ஆகவே வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையோ, கர்ப்பிணியோ, தளர்ந்த முதியவரோ, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவரோ இருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இதே இறைச்சியை வேகவைத்துக் கொடுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. ஒரு வயது ஆகாத குட்டி, சினை நாய், கணையம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றில் கோளாறு உள்ள நாய், ஸ்டீராய்டு மருந்து எடுக்கும் நாய் ஆகியவற்றுக்கும் வீட்டுச் சோதனை வேண்டாம். குட்டிக்கு எலும்பு வளரும் பருவம். அப்போது வெறும் கறியை மட்டும் கொடுத்தால் கால்சியம் போதாமல், உடல் தன் எலும்பையே கரைத்து எடுத்துக்கொள்ளும். கால் வளையும், சும்மா குதித்தாலே எலும்பு முறியும்.

"பச்சைக் கறி தின்றால் நாய்க்கு மூர்க்கம் வந்துவிடும்" என்ற பயம் நம் ஊரில் வலுவாக இருக்கிறது. அதற்கு அடிப்படை இல்லை. ஆனால் ருசியான துண்டைக் காத்துக்கொள்ள நாய் உறுமும், அது உண்மை. சாப்பிடும்போது அதைத் தனியாக விடுங்கள், குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள்.

மருத்துவரிடம் போகும் நாள்

உணவை மாற்றுவதற்கு முன் ஒரு முறை போய் எடை, ரத்தப் பரிசோதனை, குடற்புழு மருந்து மூன்றையும் முடித்துவிடுங்கள். சிறிய இனங்களில் கணைய அழற்சி அதிகம். கொழுப்பு மிகுந்த ஒரே ஒரு வேளை சாப்பாடுகூட அதைக் கிளப்பிவிடும். எங்கள் மருத்துவர் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் எழுதி வைத்திருந்த அளவுகளைப் பார்த்த பிறகு, "சரி அம்மா, அளக்காமல் ஒரு வேளையும் வைக்காதீர்கள், மாதம் ஒரு முறை தூக்கிக்கொண்டு வாருங்கள்" என்றார். இன்றுவரை அப்படியே செய்கிறோம். பின்னாளில் ரத்தப் பரிசோதனை செய்யும்போது நாய் பச்சை இறைச்சி தின்கிறது என்பதை மறக்காமல் சொல்லுங்கள். இறைச்சி மிகுந்த உணவில் யூரியா சற்றே கூடிக் காட்டும். காரணம் தெரியாவிட்டால் சிறுநீரகத்தின் மேல் சந்தேகம் விழும்.

கறிக்கடையில்

காலையில், கடை திறந்த சூட்டோடு போங்கள். ஞாயிற்றுக்கிழமை கறி புதிதாகத்தான் இருக்கும். ஆனால் நெரிசலில் நீங்கள் கேட்டபடி வெட்டித் தர யாருக்கும் பொறுமை இருக்காது. நான் செவ்வாய் அல்லது புதன் காலை போகிறேன். மஞ்சள் தூள் தடவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கொத்துக்கறியாக வாங்காதீர்கள். துண்டின் மேற்பரப்பில்தான் கிருமி அதிகம். அரவை இயந்திரத்தில் போட்டால் அது உள்ளேயும் வெளியேயும் சமமாகக் கலந்துவிடும். அதே இயந்திரத்தில் காலையிலிருந்து எத்தனை பேருக்கு அரைத்தார்களோ, அதுவும் சேரும். பெரிய துண்டாக வாங்கி வந்து வீட்டில் பொடியாக நறுக்குவதே நல்லது.

இனி, இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். எங்கள் கடைக்காரர் பாய் மிக நல்ல மனிதர். நாய்க்கு என்று சொன்ன முதல் நாளே, "எடுத்துக்கொண்டு போங்கள் அம்மா, காசு வேண்டாம்" என்று ஆட்டு நுரையீரலை ஒரு பையில் போட்டு நீட்டினார். எல்லாக் கடையிலும் நடப்பதுதான் இது. வீட்டில் அதைத் தட்டில் விரித்துப் பார்த்தேன். இளஞ்சிவப்பு நுரையீரலின் ஓரத்தில், நெல்லிக்காய் அளவில் ஒரு வெள்ளைக் குமிழ், அழுத்தினால் உள்ளே நீர் தளும்பியது. அப்படிப்பட்ட குமிழ் எக்கினோகாக்கஸ் என்ற நாடாப்புழுவின் இளம்பருவமாக இருக்கலாம். ஆடு, மாடு, எருமையின் ஈரலிலும் நுரையீரலிலும் அது வளரும். நாய் அதைப் பச்சையாகத் தின்றால் ஏழெட்டு வாரத்தில் அதன் குடலில் புழு முதிர்ந்துவிடும். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு, நாய்க்கு ஒரு தொந்தரவும் தராது. அதன் முட்டைகள் மலத்தோடு வெளியே வந்து, நாயின் ரோமத்திலும் ஒட்டி, நம் கைக்கும் வாய்க்கும் வந்துசேரும். பல ஆண்டுகள் கழித்து மனிதரின் ஈரலில் நீர்க்கட்டியாகத் தெரியும், அறுவை சிகிச்சை வரை போகும். நம் நாட்டில் இது அபூர்வமான நோய் அன்று.

ஆகவே ஈரல், நுரையீரல், குண்டிக்காய், சுவரொட்டி ஆகிய உள்ளுறுப்புகள் எதையும் நான் பச்சையாகக் கொடுப்பதில்லை. நன்றாக வேகவைத்தே கொடுக்கிறேன். வெள்ளைக் குமிழ் இருந்த உறுப்பை வேகவைக்கவும் மாட்டேன், அப்படியே அப்புறப்படுத்திவிடுவேன். தெரு நாய்க்கு வீசுவது அந்தப் புழுவைத் தெருவுக்கே வளர்ப்பதாகும். பச்சை இறைச்சிக்காரர்கள் சிலர் இது கலப்படம் என்று கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். குடற்புழு மருந்து வாங்கும்போது அதில் பிரசிகுவாண்டெல் இருக்கிறதா என்று கேளுங்கள். நாடாப்புழுவுக்கு அதுதான். எத்தனை வாரத்துக்கு ஒரு முறை என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

பன்றி இறைச்சி பச்சையாக வேண்டவே வேண்டாம். உப்புக்கண்டம், மசாலா தடவியது, ஹோட்டல் மிச்சம், வெங்காயம், பூண்டு பட்டது எதுவும் கூடாது. வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பறவைக் காய்ச்சல் செய்தி வரும் நாட்களில் கோழியும் வாத்தும் நன்றாக வெந்த பிறகே கிண்ணத்துக்கு வர வேண்டும். 2004இல் தாய்லாந்தில் நோயுற்ற வாத்தைத் தின்ற ஒரு நாய் அந்தக் காய்ச்சலில் இறந்தது பதிவாகியிருக்கிறது.

எவ்வளவு

வளர்ந்த நாய்க்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று பங்கு என்பது பொதுக் கணக்கு. சிறிய உடல் சீக்கிரம் வெப்பத்தை இழக்கும், கிலோவுக்குக் கிலோ அதிகம் எரிக்கும். ஐந்து கிலோ நாய்க்கு மூன்றரை முதல் நான்கு பங்கு வரை வேண்டியிருக்கும். நான்கு என்று வைத்தால் ஒரு நாளைக்கு 200 கிராம். ஏற்கெனவே பருத்திருக்கும் நாய்க்கு 150 கிராமில் தொடங்குங்கள்.

அந்த 200 கிராமை எப்படிப் பிரிப்பது? வேட்டையாடிய ஒரு சிறு விலங்கை முழுதாகத் தின்றால் என்ன கிடைக்குமோ அந்தக் கணக்குதான் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. தசைக்கறி 160 கிராம், எலும்பு 20, ஈரல் 10, வேறொரு சுரக்கும் உறுப்பு 10. இதயமும் கோழியின் இரைப்பையும் உறுப்பாக எண்ணப்படுவதில்லை, தசைக்கறியோடு சேரும். குண்டிக்காயும் சுவரொட்டியும்தான் அந்தக் கடைசிப் பத்து கிராமுக்கு உரியவை. தினமும் பத்து கிராம் நறுக்கிக்கொண்டிருப்பது சிரமம் என்றால் வாரத்துக்கு 70 கிராம் ஈரலை வேகவைத்து, ஏழு உருண்டையாக்கி உறையவிடுங்கள். ஈரல் கூடினால் வைட்டமின் ஏ உடலில் தேங்கிவிடும். நாய் ஆசையோடு கேட்கிறதே என்று கூட ஒரு உருண்டை வைக்கக் கூடாது.

இத்தனை அளந்தாலும் இது முழு உணவு ஆகிவிடாது. கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள் 2013இல், வீட்டில் தயாரிக்கும் நாய் உணவுக் குறிப்புகள் 200ஐ ஆராய்ந்தார்கள். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தில் ஏதாவது ஒரு சத்தாவது குறைவாக இருந்தது. துத்தநாகம், மாங்கனீசு, அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை கறியில் போதிய அளவு கிடைப்பது கடினம். நாய்க்கென்று உள்ள சத்துப் பொடியை, எடையைச் சொல்லி, மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மனிதர்களுக்கான மாத்திரையை உடைத்துப் போடாதீர்கள்.

எலும்பும் முட்டை ஓடும்

தொடங்கிய புதிதில் எல்லாரும் சொன்னபடி நானும் கோழிக் கழுத்து கொடுத்தேன். சிறிய நாய்க்கு ஏற்ற மென்மையான எலும்பு என்று அதைத்தான் சொல்வார்கள். பஞ்சு இரண்டு முறை நறுக்கென்று கடித்தாள். மூன்றாவது முறை கடிக்கவில்லை. தலையை அண்ணாந்து அப்படியே உள்ளே இழுத்தாள். தொண்டையில் அது நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தது. முன்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல், என்னைப் பார்த்தபடி நின்றாள். பதினைந்து நொடிக்கு மேல் இருக்காது. பிறகு ஒரு குலுக்கலோடு முழுத்துண்டையும் சளியோடு கக்கினாள். அன்றோடு எங்கள் வீட்டில் கழுத்து நின்றது.

அதன் பிறகுதான் இன்னொன்றும் தெரிந்தது. மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், திடீரெனக் கால்கள் செயலிழந்த 27 நாய்களை, அந்நோய் இல்லாத 47 நாய்களோடு ஒப்பிட்டார்கள். பச்சைக் கோழி தின்பதற்கும் அந்த நரம்பு நோய்க்கும் தொடர்பு தெரிந்தது. கோழியில் இருக்கும் கேம்பிலோபாக்டர் கிருமியே காரணம் என்று அவர்கள் கருதுகிறார்கள். சிறிய நாய்களுக்குக் கோழிக் கழுத்து கொடுக்கும் வழக்கத்தை அவர்கள் குறிப்பாகச் சொன்னார்கள். முதலில் பின்னங்கால் தளரும், பிறகு முன்னங்கால், குரைப்பொலிகூட மாறிவிடும். தேற மாதக்கணக்காகும், மூச்சுத் தசை தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகவே என் யோசனை: ஆறு கிலோவுக்குக் கீழே உள்ள நாய்க்கு எலும்பை விட்டுவிடுங்கள். ஆட்டு நல்லி எலும்பு கடைவாய்ப் பல்லை உடைக்கும். வெந்த எலும்பு ஊசியாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும், அது எந்த நாய்க்கும் கூடாது. எலும்பு தரும் கால்சியத்தை முட்டை ஓடு தந்துவிடும்.

செய்முறை எளிது. ஓடுகளைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் மொறுமொறுவென்று காயவிடுங்கள். மிக்சியின் சிறிய ஜாரில் ஈரம் இல்லாமல் அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலியுங்கள். விரலில் தேய்த்துப் பாருங்கள். திருநீறு போல ஒட்ட வேண்டும். கோலமாவு போல நறநறத்தால் திரும்ப அரையுங்கள், இல்லாவிட்டால் செரிக்காது. எலும்பில்லாத கறி ஒரு கிலோவுக்கு 6 கிராம் பொடி, அதாவது தலைதட்டிய ஒரு தேக்கரண்டியை ஒட்டி வரும். எலும்புக்குரிய 20 கிராமுக்குப் பதில் தசைக்கறியே வைத்தால் ஒரு நாளைக்கு 180 கிராம், உறுப்புகளோடு 200. அதற்குப் பொடி 1.2 கிராம். ஒரு முட்டையின் ஓடு நான்கு நாள் வரும். கறியில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் அநேகமாக இல்லவே இல்லை. கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருக்க வேண்டும். இந்தப் பொடியை ஒரு வேளை மறந்தால் பரவாயில்லை, ஒரு மாதம் மறந்தால் நாயின் எலும்பு அதற்கு விலை கொடுக்கும்.

எலும்பு கொடுக்காவிட்டால் பல் என்னாவது? துலக்குங்கள். நாய்க்கான பற்பசையும் குழந்தைகளுக்கான மென்மையான பிரஷும் போதும்.

வாரம் வாரமாக

முதல் வாரம் பச்சையே வேண்டாம். பழைய உணவில் கால் பங்கை எடுத்துவிட்டு, தோலும் கொழுப்பும் நீக்கிய கோழித் தொடைக்கறியை உப்பில்லாமல் வேகவைத்துச் சேருங்கள். நான்கைந்து நாளில் பாதிக்குப் பாதி. மலம் இறுகியே இருந்தால் மேலே போகலாம், இளகினால் அதே அளவில் இன்னும் மூன்று நாள் நில்லுங்கள். அவசரத்துக்கு இங்கே ஒரு காரணமும் இல்லை. பழைய உணவு பாதி இருக்கும்வரை சத்துக் குறைவும் வராது.

"ஒரு நாள் பட்டினி போட்டு வயிற்றைச் சுத்தம் செய்துவிட்டு, மறுநாள் நேராகப் பச்சைக் கறி" என்று பெரிய நாய் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். சிறிய நாய்க்கு அது ஆபத்து. அதன் உடலில் சேமிப்பு குறைவு. சர்க்கரை இறங்கித் தள்ளாடும், மயங்கியும் விழலாம். ஒரு நாள் அளவை எப்போதும் இரண்டு வேளையாகவோ மூன்று வேளையாகவோ பிரித்தே கொடுங்கள்.

இரண்டாவது வாரம் வேகும் நேரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். நான் இந்தக் கட்டத்தில் கோழியிலிருந்து ஆட்டுத் தனிக்கறிக்கு மாறினேன். விலை கூடுதல்தான், ஆனால் ஐந்து கிலோ நாய்க்கு வேண்டியது கொஞ்சமே. மாட்டிறைச்சி வாங்கும் வீடுகளில் அது இன்னும் கட்டுப்படியாகும். இன்றும் பஞ்சுவுக்குப் பச்சையாகப் போவது ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும்தான். கோழி என்றால் வேகவைத்தே. தனிக்கறித் துண்டை முழுதாகக் கொதிநீரில் அரை நிமிடம் முக்கி எடுத்து, பிறகு நறுக்குகிறேன். மேலே வெளுத்து உள்ளே சிவப்பாகவே இருக்கும். மேற்பரப்புக் கிருமி வெகுவாகக் குறையும், ருசியும் போகாது. அரைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்குங்கள். சிறிய நாய்கள் கறியை மெல்வதில்லை, விழுங்குகின்றன.

மூன்றாவது வாரம் பழைய உணவு கால் பங்காகக் குறைந்துவிடும். முட்டை ஓட்டுப் பொடி இந்த வாரம் தொடங்க வேண்டும். முழு அளவுக்குப் போகாமல், கறியின் அளவுக்குத் தக்கபடி. நான்காவது வாரம் வேகவைத்த ஈரல், முதல் நாள் பட்டாணி அளவு, பத்து நாள் கழித்துத்தான் பத்து கிராம். இதில் அவசரப்பட்டால் அன்று இரவே தெரிந்துவிடும், கறுத்த கூழாகப் போகும். சத்துப் பொடியும் இந்த வாரத்திலிருந்து. அதன் பிறகு பழைய உணவை நிறுத்தலாம்.

ஐந்தாவது வாரம் மீன். மத்தி, ஊரைப் பொறுத்து சாளை என்பீர்கள், வாரத்தில் இரண்டு நாள் ஒன்று போதும். மலிவான மீன், ஆனால் ஒமேகா கொழுப்பும் வைட்டமின் டியும் நிறைந்தது. பச்சை மத்தியில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி உண்டு, ஆவியில் வேகவைத்தால் அது செயலிழக்கும். முள்ளை எடுத்துவிடுங்கள். முட்டையும் வேகவைத்தே. ஒரு தேக்கரண்டி வேகவைத்த பரங்கிக்காய் சேர்த்தால் மலம் ஒழுங்காகப் போகும். நாய்க்கு அது கட்டாயம் இல்லை, எங்களுக்குப் பயன்பட்டது.

காலையில் பார்க்க வேண்டியவை

மலத்தைப் பார்க்க அருவருப்புப் படாதீர்கள். நாய் வாய் திறந்து சொல்லாததை எல்லாம் அது சொல்லிவிடும். விரல் தடிமனில், பழுப்பு நிறத்தில், எடுத்தால் தரையில் ஒட்டாமல் வந்தால் எல்லாம் சரி. வெளுத்து, சுண்ணாம்புக் கட்டி போல உதிர்ந்தால் எலும்போ ஓட்டுப் பொடியோ கூடிவிட்டது. நாய் முதுகை வளைத்து முக்கும், துளித்துளியாகப் போகும். பொடியை இரண்டு நாள் நிறுத்திப் பரங்கிக்காயைக் கூட்டுங்கள். வழவழவென்று சளி பூசியது போல் ஓரிரு நாள் வந்தால் குடல் பழகிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் நாளும் வந்தால் ஒரு படி பின்னால் போங்கள்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், எடை பாருங்கள். நாயைக் கூடையில் உட்காரவைத்து, கொக்கித் தராசில் தூக்கினால் துல்லியமாகத் தெரியும். ஐந்து கிலோ நாய் கால் கிலோ குறைவது அறுபது கிலோ மனிதர் மூன்று கிலோ குறைவதற்குச் சமம். விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. ஸ்பிட்ஸ் மாதிரி ரோமம் அடர்ந்த நாயைக் கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது, தடவித்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு முறைக்கு மேல் வாந்தி, மலத்தில் ரத்தம், இரண்டு நாளாக மலமே இல்லை, முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது, பின்னங்கால் இடறுவது: இவற்றில் எது கண்டாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். தாழ்ந்து நிற்பதைச் சோம்பல் முறிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். அது கடும் வயிற்று வலியின் அடையாளமாக இருக்கலாம்.

கை, பாத்திரம், ஃபிரிட்ஜ்

நாய்க்கறிக்குத் தனிக் கத்தி, தனிப் பலகை, தனி எவர்சில்வர் கிண்ணம். பிளாஸ்டிக் கிண்ணத்தில் விழும் கீறல்களில் கிருமி தங்கும். கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள், தெறிக்கும் நீர் காய்கறியிலும் தட்டிலும் போய் விழும். கிண்ணம் வைத்து இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் அதற்கு மேல் வைத்த பச்சைக் கறி கெட்டதென்றே கொள்ளுங்கள். பிறகு சோப்பும் வெந்நீரும். தரையைத் துடையுங்கள், நாயின் வாயை ஈரத்துணியால் துடையுங்கள், கடைசியாக உங்கள் கையையும் கழுவுங்கள். சாப்பிட்டவுடன் யார் முகத்தையும் நக்க விடாதீர்கள். ரோமம் நீண்ட நாய்க்குப் பின்பக்க முடியையும் கத்தரித்துச் சுத்தமாக வைக்க வேண்டும்.

ஒரு நாள் அளவாகப் பொட்டலம் கட்டி, தேதி எழுதி உறையவிடுங்கள். உறைநிலை சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும், கிருமியைக் கொல்லாது, தூங்க மட்டும் வைக்கும். முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், ஒரு பாத்திரத்துக்குள் வைத்து உருகவிடுங்கள், மேடையில் வைக்காதீர்கள். உருகியதைத் திரும்ப உறையவிடக் கூடாது. ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேலறை பெரும்பாலும் மைனஸ் 18 பாகையைத் தொடுவதில்லை. அதை நம்பி ஒரு வாரத்துக்கு மேல் சேர்க்காதீர்கள். மின்தடை நீண்டு, பொட்டலம் அழுத்தினால் அமுங்கும் அளவுக்கு இளகி, சில்லென்ற குளிர்ச்சியும் போய்விட்டதென்றால் தூர எறிந்துவிடுங்கள். வேகவைத்துக் காப்பாற்றலாம் என்றும் எண்ண வேண்டாம்.

காந்தி ஜெயந்தி, மகாவீர் ஜெயந்தி, திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள் ஆகிய நாட்களில் தமிழ்நாட்டில் இறைச்சிக் கடைகள் அடைப்பு. நாட்காட்டியில் வட்டமிட்டு, இரண்டு நாள் முன்பே வாங்கிவிடுங்கள். ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டாரிடம் பச்சைக் கறியையும் தராசையும் ஒப்படைப்பது நியாயம் இல்லை. அதனால் வாரத்தில் ஒரு வேளை வேகவைத்த கோழியும் சோறும், பத்து நாளுக்கு ஒரு வேளை கைப்பிடி உலர் உணவும் பஞ்சுவுக்குக் கொடுத்துப் பழக்கம் விடாமல் வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் கறிச்சாறு இரண்டு கரண்டி ஊற்றினால் உலர் உணவையும் சாப்பிட்டுவிடுகிறாள். போன மாதம் நான்கு நாள் நாங்கள் ஊரில் இல்லாதபோது எதிர்வீட்டு அக்கா அதைத்தான் வைத்தார். திரும்பி வந்து எடை பார்த்தேன், ஐந்து கிலோவில் பத்து கிராம்கூட மாறவில்லை.